தொழுவத்து ஓடை

ஒன்பது மாடு நிற்கிற தொழுவத்தில் ஒரு நாளைக்கு எவ்வளவு சாணி விழும் என்று பால் வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. பால் எத்தனை லிட்டர், தண்ணீர் கலந்திருக்கிறதா, நேற்றைவிட இன்று ஏன் நீர்த்திருக்கிறது என்றுதான் கேட்பார்கள். சுடலைமணியைக் கேட்டால் சாணிக் கணக்கையும் சொல்லுவார். வைக்கோல் தின்கிற காலத்தில் பன்னிரண்டு கூடை. மழை பெய்து பச்சைப்புல் முளைத்துவிட்டால் பதினாலு. அதுவும் கூடையில் நிற்காது, அள்ளுகிறவர் முழங்கை வழியாக இறங்கும்.

பனவடலிசத்திரத்துக்கு மேற்கே, சங்கரன்கோவில் சாலையை விட்டு ஊருக்குள் திரும்புகிற முக்கில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் தொழுவம். தொழுவத்துக்குப் பின்னால் தரை சரிந்து ஓடையில் முடியும். ஓடை அரை மைல் வளைந்து போய் ஊர்க்குளத்தில் விழும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் சாணிக்குழியை ஓடைக்குப் பக்கத்தில் வெட்டும்போது யாருக்கும் அது உறைக்கவில்லை. சரிவில் குழி இருந்தால் கழுவிவிடுகிற தண்ணீர் தானாக ஓடிவிடும், வேலை மிச்சம் என்று சுடலைமணியே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அந்தப் பெருமை போன வருஷம் ஐப்பசியில் போயிற்று. ஒரே ராத்திரியில் கொட்டிய மழையில் குழி உடைத்துக்கொண்டது. ஆறு மாதச் சாணி கறுப்பாகக் கரைந்து ஓடையில் இறங்கியது. மறுநாள் காலையில் குளத்து மீன் முழுக்க வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. கட்லா, ரோகு, கெண்டை என்று கை நீளத்துக்கு வளர்ந்த மீன்கள். காக்கையும் கொக்கும் வந்து உட்கார இடமில்லாமல் சண்டை போட்டன. நாற்றம் நாலு நாள் ஊரை விட்டுப் போகவில்லை.

அந்தக் குளத்தின் மீன் பாசி ஏலத்தை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கிற குத்தகையை, எடுத்திருந்தது வேறு யாருமில்லை, சுடலைமணியின் கூடப்பிறந்த தங்கை பொன்செல்வியும் அவள் புருஷன் அய்யாத்துரையும்தான்.

ஊர் முழுக்கக் கரையில் கூடி நின்றது. அய்யாத்துரை சும்மா இருக்கிறபோதே வாய் ஓயாத ஆள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, தரையைப் பார்த்தபடி நின்றார். பொன்செல்வி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சுடலைமணி கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று, "எந்தொழுவத்துத் தண்ணிதான் வந்திருக்கு. வேற யாரையும் சொல்லாண்டாம். தப்பு என்னோடது" என்று சொன்னார். சொல்லிவிட்டால் நெஞ்சுக்குள் கிடக்கிற பாரம் குறையும் என்று நினைத்தார். குறையவில்லை.

தை பிறந்தது. பத்தொன்பது வருஷமாக அவர் தங்கை வீட்டுக்குப் பொங்கல்படி கொண்டுபோய்க் கொடுக்காத தை கிடையாது. அரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு, ஒரு சேலை. அந்த வருஷமும் கொண்டுபோனார். பொன்செல்வி வீட்டில் இருக்கிற மாதிரித் தெரியவில்லை. வாசல் நடையில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் ஒரு ஆட்டோவில் அத்தனையும் திரும்பி வந்தது. கரும்பில் ஒரு கணுகூட ஒடிக்கப்படவில்லை. சேலை மடிப்புக் கலையவில்லை. எங்கள் பக்கத்தில் பொறந்த வீட்டுப் படியை ஒருத்தி திருப்பி அனுப்பினால் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம். சுடலைமணி அந்தக் கரும்பை மாட்டுக்கு வெட்டிப் போட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் சங்கரன்கோவிலுக்குப் போய் முகம்மது மைதீனைப் பிடித்தார். மைதீன் சாண எரிவாயுக் கலம் போட்டுத் தருகிறவர். நாற்பது வயது, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு எந்தச் சாணிக்குள்ளும் இறங்குவார். வந்து தொழுவத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு கேஸ் வேணுமா, ஓடைக்குத் தண்ணி போகாம இருக்கணுமா?"

"ஓடைக்கு ஒரு சொட்டு போவக் கூடாது வே. கேஸ் வந்தா வருது, வராட்டிப் போவுது."

"இப்பிடிச் சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று மைதீன் சிரித்தார். "பச்சைச் சாணி கொளத்துல விழுந்தா அதத் திங்க கோடிப் பூச்சி வரும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தண்ணியில மீன் மூச்சு விடுததுக்குன்னு இருக்க காத்த அந்தப் பூச்சியே குடிச்சிரும். மீனு வெசத்துல சாவல அண்ணாச்சி, மூச்சு முட்டிச் சாவுது. அந்தத் தீனிய நாம இங்கனயே, காத்துப் போகாத பையிக்குள்ள வச்சு, வேற சாதிப் பூச்சிக்குக் குடுத்துருவோம். அது தின்னுட்டு கேஸ விடும். மிச்சம் வருத கரைசல்ல நாத்தம் இருக்காது, வேகமும் அடங்கியிருக்கும். அதக் காட்டுக்கு விட்டுக்கிடுங்க."

மூச்சு முட்டிச் சாவுது என்ற சொல் சுடலைமணிக்குள் தங்கிவிட்டது. அன்று சோற்றில் கை வைக்கும்போதும் அது ஞாபகத்துக்கு வந்தது.

வேலை புரட்டாசியில் முடிந்தது. தொழுவத்துக்குப் பக்கத்தில் நீளமாகப் பள்ளம் வெட்டி, அதில் தடித்த கறுப்புப் பை ஒன்றைப் படுக்கவைத்தார்கள். சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஊற்ற ஒரு முனையில் தொட்டி. செரித்த கரைசல் வெளியே வர மறுமுனையில் குழாய். தொழுவம் கழுவுகிற தண்ணீரும் ஓடைப் பக்கம் போகாமல் நேராக அந்தத் தொட்டிக்குள்ளேயே விழும்படி மைதீன் வாய்க்கால் எடுத்துவிட்டார். பழைய குழியைக் காலி செய்து மண் போட்டு மூடினார்கள். முப்பத்தைந்தாம் நாள் பை உப்பி எழுந்தது. சினைமாடு படுத்திருக்கிற மாதிரி இருந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின.

இங்கேதான் ராஜகுமாரி வருகிறாள். சுடலைமணியின் பெண்சாதி. சுத்தக்காரி. அவள் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். ஒன்பது மாட்டோடு குடித்தனம் பண்ணிக்கொண்டு சுத்தக்காரியாக இருப்பது சாதாரணப் பாடில்லை. வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால் அவளுக்கு உயிர் போய்விடும்.

"புது அடுப்புல்லா? நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சாம எப்படிப் பத்த வைக்க?" என்றாள்.

"சாணி கேஸுக்கு என்னட்டி நாளு, நச்சத்திரம்?"

"சாணியோ சந்தனமோ, அடுப்பு அடுப்புதான். எங்கண்ணன், மைனி, எங்க சின்னம்ம எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. நீங்க செல்விக்கும் போயிச் சொல்லுங்க."

செல்விக்குச் சொல்லப் போனார். அய்யாத்துரைதான் வாசலில் நின்றார். "சரி மச்சான், பாப்போம்" என்றார். அந்தப் பாப்போம் எதற்கும் ஆகாத பாப்போம் என்று சுடலைமணிக்குத் தெரிந்தது.

பால் காய்ச்சுகிற நாளுக்கு முந்தின நாள் முழுக்க ராஜகுமாரி தொழுவத்தோடு மல்லுக்கட்டினாள். சங்கரன்கோவில் கடையிலிருந்து பினாயில் ரெண்டு கேன், பிளீச்சிங் பவுடர் ஒரு பை வாங்கிவைத்திருந்தாள். மாடுகளை வெளியே கட்டிவிட்டுத் தரை, சுவர், தொட்டி விளிம்பு, வாய்க்கால் என்று ஒரு சாண் விடவில்லை. பவுடரைத் தூவித் தேய்த்தாள். பினாயிலை ஊற்றிக் கழுவினாள். அத்தனையும் மைதீன் எடுத்துவிட்ட வாய்க்கால் வழியாக ஒழுங்காக, ஒரு சொட்டுகூட ஓடைக்குப் போகாமல், தொட்டிக்குள் இறங்கியது.

மறுநாள் நீலமாக அடுப்பு எரிந்தது. பால் பொங்கியது. ராஜகுமாரியின் மைனி தொழுவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "மாடு நிக்க எடம் மாதிரியா இருக்கு, ஆசுபத்திரி மாதிரில்லா மணக்கு" என்றாள். ராஜகுமாரிக்கு அது போதும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டு வந்தவர்களை அனுப்பிவைத்தாள். பொன்செல்வி வரவில்லை. சுடலைமணி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நாள் அடுப்பில் தீ மஞ்சளாகி ஆடியது. ஆறாவது நாள் பிடிக்கவே இல்லை. பை ஒரு பக்கமாகத் தொய்ந்து சுருக்கம் விழுந்தது. மறுமுனைக் குழாயில் வந்த கரைசல் செரிக்காத சாணியாகவே வந்தது, வாடையும் பச்சை வாடை. சுடலைமணி மைதீனுக்குப் போன் போட்டார்.

மைதீன் வந்து குழாய் முனையில் ஒரு கை கரைசல் எடுத்து மோந்து பார்த்தார். பிறகு தொட்டிக்குப் போய் மோந்து பார்த்தார். பிறகு ராஜகுமாரியைப் பார்த்தார்.

"யக்கா, தொழுவத்துல என்னமும் ஊத்துனீயளா?"

"என்னத்த ஊத்த? தண்ணிதான்."

"வெறும் தண்ணியா?"

"பால் காய்ச்சுததுக்கு முந்துன நாளு கொஞ்சம் பினாயிலு..."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு கேனு."

மைதீன் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். "வேற?"

"பிளீச்சிங் பவுடரு" என்றாள் ராஜகுமாரி. சத்தம் தேய்ந்துவிட்டது.

"யக்கா, உள்ள இருக்கதும் பூச்சிதானே. பூச்சியக் கொல்லுததுக்குத்தானே பினாயிலு. நாப்பது நாளா சோறு போட்டு வளத்த பூச்சிய நீங்களே..." அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம் வந்தது. சுடலைமணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"நான் என்ன கண்டேன்?" என்றாள் ராஜகுமாரி. கண் நிறைந்துவிட்டது. "வாரவுக மூக்கப் பொத்தக் கூடாதுன்னுல்லா செஞ்சேன். செல்வி வருவாளோன்னு நெனச்சேன். போன வருசம் அந்த நாத்தத்துக்குப் பெறவு அவ வாரா, நம்ம தொழுவத்துல ஒரு நாத்தமும் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். தப்பா?"

சுடலைமணிக்கு அவளைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எப்படித் திட்டுவது?

"சரி, விடு. இனி என்ன செய்ய பாய்?"

"பாதியக் காலி பண்ணுவோம். நல்ல தண்ணி விட்டு, புதுச் சாணி கொஞ்சங் கொஞ்சமாக் குடுப்போம். ஒரு நாளைக்கு ரெண்டு கூடைக்கு மேல போடாதீய. பிள்ளைக்குச் சொகமில்லாம இருக்கும்போது கஞ்சி குடுப்போம்லா, அப்பிடி. இருவது நாளாவது ஆகும் எந்திரிக்க."

"மிச்சம் பத்துக் கூடை?"

மைதீன் மேற்கே பார்த்தார். மலைப் பக்கம் கருமேகம் திரண்டுகொண்டிருந்தது. டிவியில் மூன்று நாளாகக் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து புருஷனும் பெண்சாதியும் சாணியைச் சுமந்தார்கள். சுடலைமணியிடம் பால் கேன் ஏற்றிப்போகிற பழைய குட்டியானை வண்டி ஒன்று இருந்தது. காலையில் சங்கரன்கோவிலுக்குப் பால் போய் வந்ததும் கேனை இறக்கிவிட்டுச் சாணியை ஏற்றி, ஒன்றரை மைல் தள்ளி மேட்டில் கிடக்கிற தங்கள் புஞ்சையான கரிசல் காட்டில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். திரும்பி வந்து வண்டியைத் தேய்த்துக் கழுவி மறுபடி பாலை ஏற்ற வேண்டும். மூத்திரத் தண்ணிக்கு மேட்டுப் பக்கமாகத் தனிக் குழி வெட்டினார்கள். ஓடை வாயில் ரெண்டு முழ உயரத்துக்கு மண் போட்டு மிதித்தார்கள். ராஜகுமாரி ஒரு நாளும் அப்படிச் சாணி சுமந்தவளில்லை. கழுத்து வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டேன் என்கிறாள். ராத்திரி தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சாணி சுமக்க ஆரம்பித்த ஆறாவது நாள் மத்தியானம். வெயிலே இல்லை. காற்று நின்று புழுங்கியது. காட்டில் சாணியைக் கொட்டிவிட்டு வருகிற வழியில் சுடலைமணி, "நான் கொளத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றார்.

"எதுக்கு?"

"செல்விட்ட சொல்லணும்."

"பை படுத்துட்டுன்னா? சொன்னா இன்னும் பேச்சுல்லா வளரும். மழை பெய்யாமலும் போயிரலாம்."

"பெஞ்சுட்டா? போன வருசம் மாரி காலையில வந்து அவ கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கிடக் கூடாது. இந்த வருசம் முன்னாலயே சொல்லிரணும். அவ்வளவுதான்."

ராஜகுமாரியை வீட்டில் இறக்கிவிட்டுக் குளத்துக்கு வண்டியை விட்டார். சாணி வாடை உடம்பெல்லாம் அடித்தது. குளித்துவிட்டுப் போகலாமா என்று நினைத்தார். குளித்தால் மனசு மாறிவிடும் என்று அப்படியே போனார்.

குளத்தில் முக்கால் தண்ணீர் கிடந்தது. பொன்செல்வி இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஊன்றியிருந்த கம்புகளில் தீவனப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்த பை, அடியில் ஓட்டை. மீன் வந்து முட்டி முட்டித் தின்னும். மடைப் பக்கம் வண்டி நின்றதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அப்புறம் கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் கரையேறினாள்.

"மாப்ள எங்க?"

"வலைக்காரங்களப் பாக்கச் சங்கரன்கோவில் போயிருக்காக."

அவர் கரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். வரும்போது என்னென்னவோ யோசித்துவைத்திருந்தார். எல்லாம் மறந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொன்னார். பை உப்பியது, பால் காய்ச்சியது, பினாயில், பிளீச்சிங், பை படுத்தது, சாணி சுமப்பது.

"ஓடை வாயில மண்ணு போட்டிருக்கேன். கெட்டியா மிதிச்சுத்தான் போட்டிருக்கேன். ஆனா பெருமழை வந்தா நிக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல செல்வி. தெரியாதத நிக்கும்னு ஒங்கிட்டச் சொல்லமாட்டேன். நீங்க எதுக்கும் பாத்துக்கிடுங்க. முடிஞ்சா பெரிய மீன மட்டுமாவது முன்னக்கூட்டியே பிடிச்சிருங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

பொன்செல்வி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே நின்றாள்.

"மைனியா பினாயிலு ஊத்துனா?"

"ரெண்டு கேனு."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அது வந்த வேகத்தில் உடைந்து அழுகையாயிற்று. சத்தமில்லாத அழுகை. சுடலைமணிக்கு ஒன்றும் புரியவில்லை. மீன் போய்விடும் என்று அழுகிறாள் என்றுதான் நினைத்தார்.

"அழாதட்டி. மண்ணு நின்னாலும் நிக்கும்."

"எண்ணே, அந்தா அந்தக் கரையில தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்குல்லா, அது என்னன்னு தெரியுமா?"

வடகரையில், வேலிக்கருவை நிழலில், ஆள் உயரத்துக்கு ஒரு குவியல் நீலத் தார்ப்பாய்க்குள் இருந்தது.

"தீவனமா இருக்கும்."

"கோழி எரு."

"எதுக்கு?"

"கொளத்துல தட்டுததுக்கு. பாசி நல்லாப் பிடிக்கும், மீனு சட்டுனு எடை கூடும்னு இவுகளுக்கு யாரோ சொல்லிக்குடுத்திருக்காக. கொஞ்சமாப் போட்டா நல்லதுதானாம். இவுகளுக்குக் கொஞ்சம்னு ஒண்ணு தெரியாதுல்லா. போன வருசம் ரெண்டு டிராக்டர் எறக்குனாக. மழைக்கு முந்துன நாளு. ஒரு லோட அப்பிடியே தண்ணியில தட்டிட்டாக. இன்னொரு லோடு கரையில கெடந்துச்சு. காலையில பாத்தா அந்த எடம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு, ஒரு கூடைகூட மிச்சமில்ல."

சுடலைமணி அந்தத் தார்ப்பாயையே பார்த்தார்.

"அப்பம் எந்தண்ணி?"

"ஒந்தண்ணியும் வந்துச்சு. இல்லன்னு சொல்லல. ஓடை கறுப்பா வந்தத நானும் கண்டேன். ஆனா விடியக்கருக்கல்ல நான் வந்து பாக்கும்போது மீனு வாயப் பொளந்துக்கிட்டு நின்னது இந்த வடகரையிலதான். ஓடை விழுத பக்கம் அப்பம் ஒண்ணுஞ் சாவல. அங்கன பொறவுதான் செத்துச்சு."

அவர் எழுந்துவிட்டார். ஒரு வருஷம். ஒரு வருஷமாக அவர் ஊர்க்கடையில் நின்று ஒரு டீ குடித்தவரில்லை. குளத்தங்கரைப் பாதையை விட்டுச் சுற்றிப் போனார். மூச்சு முட்டிச் செத்த அத்தனை மீனையும் தன் கணக்கில் வைத்துக்கொண்டு படுத்து எழுந்தார். கோபம் காலிலிருந்து ஏறியது.

"ஊரு கூடி நிக்கும்போது நாந்தாம்னு சொன்னனேட்டி. நீ பக்கத்துலதான நின்ன? ஒம் புருசனும் நின்னாம்லா? ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"நீ சொல்லிட்டியேண்ணே. அதுதான் வெனையாப் போச்சு" என்றாள் பொன்செல்வி. "நீ சண்ட பிடிப்பன்னு நெனச்சேன். எந்தண்ணி இல்லன்னு நிப்ப, நானும் ரெண்டு பேசுவேன், அந்தப் பேச்சுல இதுவும் வெளிய வந்துரும்னு நெனச்சேன். நீ வந்த ஒடனே ஒத்துக்கிட்ட. ஒத்துக்கிட்ட ஆளுட்ட எப்பிடிச் சொல்ல? மறுநாச் சொல்லுவோம்னு இருந்தேன். மறுநா அதுக்கு மறுநான்னு போயிட்டு. பெறவு நீ பொங்கப்படியத் தூக்கிட்டு வார. கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். அத வாங்க எனக்குக் கை வரலண்ணே."

"கோவம்னுல்லா நெனச்சேன்."

"கோவம்னே நெனச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

சுடலைமணி வண்டியைப் பார்த்து நடந்தார். கதவில் கை வைத்தவர் குளத்தைத் திரும்பிப் பார்த்தார். குளம் அசையாமல் கிடந்தது. நடுவில் ஏதோ ஒரு மீன் துள்ளி விழுந்தது, வட்டம் விரிந்து கரைவரைக்கும் வந்தது. மேற்கே முதல் இடி உருண்டது.

அவர் வண்டியின் பின் தட்டிலிருந்து மண்வெட்டியையும் கூடையையும் எடுத்தார்.

"இத எப்பம் தட்டணும்னு வச்சிருக்கான் ஒம் புருசன்?"

"நாளைக்கி."

"மழைக்கு முந்துன நாளே பாத்து வச்சிருக்கான் பாரு, இந்த வருசமும்."

"நான் வேண்டாம்னுதாம் சொன்னேன். கேக்க மாட்டக்காக."

"அவன் வந்து கேட்டா?"

"நான் சொல்லிக்கிடுதேன். எல்லாத்தையும் நானே சொல்லிக்கிடுதேன், ஊருக்கும்."

"எனக்கு இன்னும் கோவம் போவல, கேட்டியா."

"போவாண்டாம்."

வடகரையில் டிராக்டர் ஏறிவிடும், குட்டியானை போகப் பாதை கிடையாது. மடையில் நிற்கிற வண்டிவரைக்கும் நூறடி தலையில் சுமந்துதான் போக வேண்டும். சுடலைமணி தார்ப்பாயை ஒரு பக்கம் விலக்கினார். காரமான நெடி கண்ணில் ஏறியது. சாணியிலேயே முப்பது வருஷம் கிடந்தவருக்கே அந்த நெடி தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சை இழுத்தார். துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தார். அள்ளி அள்ளிக் கூடையை நிரப்பினார். கோபத்தில் விளிம்புக்குமேல் நிரப்பிவிட்டார். குனிந்து தூக்கப் பார்த்தார், முழங்காலுக்குமேல் வரவில்லை. ஆறு நாளாகச் சாணி சுமந்த இடுப்பு.

பொன்செல்வி நாலடி தள்ளி, ஈரச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பாத்துக்கிட்டு நிக்க. வந்து ஒரு கை பிடி" என்றார் சுடலைமணி.

அவள் ஓடிவந்து பிடித்தாள். கூடை ஏறியது. அவர் தடுமாறி, காலை ஊன்றி, நேராக நின்றார்.

"எங்கண்ணே கொண்டு போவ?"

"எங்காட்டுக்குத்தான். மேட்டுல கெடக்கட்டும். பை எந்திரிச்ச பெறவு கொஞ்சங் கொஞ்சமா அதுக்குள்ள போடலாமான்னு மைதீன்ட்டக் கேப்போம். செரிச்சு வருதத வேணும்னா நீ வந்து எடுத்துக்க. பச்சையா மட்டும் இங்கன கொட்டாதீய."

"சரி."

அவர் கரைமேல் நடக்க ஆரம்பித்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். பொன்செல்வி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, தீவனம் கொண்டுவந்த கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அதில் எருவை இரண்டு கையாலும் வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள். தார்ப்பாயின் மேல் முதல் துளிகள் விழுகிற சத்தம் கேட்டது. குவியலில் இன்னும் கால்வாசிகூடக் குறையவில்லை.

"மிச்சத்தத் தார்ப்பாயால மூடிட்டு அள்ளுட்டி!" என்று அவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.